1197-ல திருநெல்வேலி

மெட்ராஸ்ல இருக்கிற நம்ம ஆளுக ஊருக்கு வந்தா, "இன்னுமா ரேடியோ கேக்கீங்க?"ன்னு சிரிக்காங்க. கேக்கத்தான் செய்றோம். திருநெல்வேலி வானொலி, மீடியம் வேவ்ல 1197. 1963-ல் தொடங்கிய நிலையம், என்னைவிட மூத்தது.

கயத்தாறுலருந்து திருநெல்வேலி சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் புரட்டாசியில் கரிசக்காட்டுல விதைச்சுட்டா அங்க போக நேரம் ஏது? டவுன்ல என்ன நடக்கு, எந்தக் கோயில்ல என்ன விசேஷம், எல்லாம் பொழியில கிடக்கிற பெட்டி சொன்னாத்தான் உண்டு. (பொழின்னா வரப்பு.) ஐப்பசியில் உளுந்துக்குக் களையெடுக்கிற சமயத்துலதான் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் வரும். நேரடி வர்ணனையில சூரன் விழுந்ததும், குனிஞ்சிருந்த பொம்பளைக எல்லாரும் நிமிந்து கும்பிடுவாங்க. களைக்கொத்து கையிலேயே இருக்கும்.

இப்ப சிக்கல் என்னன்னா, போன்ல உள்ள ரேடியோ எஃப்எம் மட்டும்தான் எடுக்கும், மீடியம் வேவ் எடுக்காது. ஆப் இருக்குங்காங்க. இருக்கு. ஆனா கை பூரா மண்ணு. காத்தாடிக்கு அந்தப் பக்கம் போனா சிக்னலும் கிடையாது. பெட்டிக்கு ரெண்டு பேட்டரிக்கட்டை போதும்.

என் பெட்டி கரகரங்குது. கோவில்பட்டியில் புதுசு கேட்டேன், எஃப்எம் மட்டும் உள்ளதைத்தான் எடுத்து வச்சாங்க. பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க, மீடியம் வேவ் உள்ள பெட்டி கண்ணுல பட்டா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. காசு தந்துருதேன்.