ஓரடி இடம்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள் பல, மலைக்கு அப்பால் ஊரும் இப்பால் வேலையுமாக வாழ்பவை. ஊர்ப் பிரயாணம் என்பது நமக்கு உல்லாசமன்று, கடமை. அத்தகைய பிரயாணம் ஒன்றுக்காக ஒரு பழைய ஜீப்பினுள் இடம் தேடிய கதையை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இதில் அடியேனின் அறியாமையும் சிறிது உண்டு. பிறருக்குப் பயன்படுமென்று அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மைசூரின் வடமேற்கே விரிந்து கிடக்கும் விஜயநகரை அறியாதார் இலர். நான்கு பிரிவுகளாக அமைந்த குடியிருப்பு. நேரான அகன்ற தெருக்கள். முதற்பிரிவில் யோக நரசிம்மர் கோயிலின் மணியோசை கேட்கும் தொலைவில் எங்கள் வாடகை வீடு. எதிர்த் தெருவில் என் தங்கையும் அவள் கணவரும் குடியிருக்கின்றனர். மாப்பிள்ளை குடகுப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து பழைய மகீந்திரா ஜீப் ஒன்றை விலைக்கு வாங்கி வைத்திருந்தார்.

என் அன்னையார் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அதன்பின் வலது காலை மடக்க இயலவில்லை. இந்நிலையில், சத்தியமங்கலத்தில் இருந்த அவருடைய தமக்கையார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்ற செய்தி வந்தது. "ஒருக்கா பார்த்துட்டு வந்தரலாம் கண்ணு" என்று அன்னை நாள்தோறும் சொல்லலானார்.

நானோ ரயில்வே குமாஸ்தா. ஊரார்க்கெல்லாம் சீட்டுக் கொடுப்பவன் தன் தாயை ரயிலில் அழைத்துச் செல்ல வழியில்லை. மைசூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை சாமராஜநகரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் வரை பாதை போட வேண்டுமென்ற பேச்சு மிகப் பழையது. இடையே காடு நிற்கிறது. ரயிலில்தான் போவதென்றால் பெங்களூர், சேலம், ஈரோடு என்று சுற்றி, பின்னர் பேருந்து ஏற வேண்டும். வாடகைக் காரை வரவழைத்துப் பார்த்தோம். அதன் தாழ்ந்த வாயிலில் காலை மடக்காமல் நுழைய முடியவில்லை. எஞ்சியது மாப்பிள்ளையின் ஜீப். முக்காலி ஒன்றில் ஏறி, அதன் திறந்த வாயிலில் பக்கவாட்டாக அமர்ந்து, மெல்லத் திரும்பிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே காலை நீட்ட இடமில்லை.

ஜீப்பின் பிறப்பே அப்படி. இரண்டாம் உலகப் போரில், 1941 முதல், படைக்கென்று பெருந்தொகையில் செய்யப்பட்ட வண்டி அது. நம் நாட்டில் மகீந்திரா நிறுவனம் 1947இல் அதனைப் பூட்டி விற்கத் தொடங்கியது. வில்லிஸ் வழிவந்த குட்டை ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 80 அங்குலமே. மேட்டிலும் பள்ளத்திலும் வயிறு தட்டாமல் ஏறி இறங்குவதற்கு அந்தக் குறுமைதான் காரணம். அதே குறுமை அமர்வோரின் முழங்காலை நெருக்குகிறது. பின்புறத்தில் இரு சக்கரங்களின் மேல்மூடிகளும் இருபுறமும் துருத்தி நிற்கும். ஓட்டுநரின் இருக்கைக்கடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும்.

மாப்பிள்ளை ஒரு பட்டறையில் விசாரித்தார். உடலின் பின்பகுதியை அறுத்து ஓரடி நீட்டி, நீள இருக்கை இரண்டு போட்டு, மேலே இரும்புக் கூரையும் சாமான் தட்டும் அமைத்துத் தருவதாகச் சொன்னார்கள். "பத்துப் பேர் தாராளமாகப் போகலாம்" என்றும் ஆசை காட்டினார்கள். நானும் மயங்கி முன்பணமாக 5,000 ரூபாய் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரமே, ஜீப்பின் பதிவைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குவதை மாப்பிள்ளை கண்டார். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியை ஐந்தாண்டுக்கொருமுறை பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அறுத்து நீட்டிய வண்டி பரிசோதனையில் தேறுமா?

சட்டம் ஒருபுறமிருக்க, மலையின் நியாயம் வேறொன்று உண்டு. பின் அச்சுக்கு அப்பால் பாரம் ஏறினால் முன் சக்கரங்களின் பிடிப்புக் குறையும். கூரைமேல் பாரம் ஏறினால் வண்டியின் எடைமையம் உயரும். வளைவில் வெளிப்புறம் சாயும். திம்பம் மலைப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் 27. அங்கே தாயை அமர்த்திக்கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் துணியவில்லை.

மகீந்திரா நிறுவனமே இடம் பெருக்க விரும்பியபோது என்ன செய்தது? 2020இல் வந்த தார் வண்டியின் அச்சிடைத் தூரம் 2,450 மில்லிமீட்டர். 2024இல் ஐந்து கதவுகளுடன் வந்த தார் ராக்ஸில் அது 2,850. நானூறு மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல் கூட்டுவதற்கு அடிச்சட்டம் முதல் யாவையும் புதிதாக வகுத்தார்கள். அதனைப் பட்டறையில் ஒரு வாரத்தில் அறுத்து ஒட்டிவிடலாமென்று நினைத்தது எங்கள் பேதைமை.

வேலையை நிறுத்தச் சொன்னேன். முன்பணம் திரும்பவில்லை.

மனம் சோர்ந்த ஒரு ஞாயிறன்று பிள்ளைகளை ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். 1979இல் தொடங்கிய அந்தக் காட்சியகத்தில் 1899ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாராணியாரின் பிரயாண வண்டி இருக்கிறது. சமையலறையும் உணவறையும் நீராடுமிடமும் ரயில் பெட்டியின் அகலத்துக்குள்ளேயே அடங்கியுள்ளன. பலமுறை கண்டதுதான், அன்றுதான் உண்மை உறைத்தது. அகலத்தைத் தண்டவாளம் முடிவு செய்துவிடுகிறது. உள்ளே இருப்போர் அதற்குள் எதை எங்கே வைப்பதென்றுதான் யோசிக்க முடியும். நாம் அன்றாடம் ஏறும் தூங்கும் பெட்டியிலும், பகலில் முதுகுச் சாய்வாக நிற்பதுதானே இரவில் நடுப்படுக்கையாகிறது!

வீடு திரும்பி அன்னையிடம், "அம்மா, உங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?" என்று கேட்டேன். அதுவரை நாங்கள் அவரைக் கேட்கவேயில்லை.

அவர் இடுப்பிலிருந்து குதிகால் வரை தம் கையாலேயே சாண் போட்டு அளந்தார். "வண்டி பெருசா வேண்டாங் கண்ணு. இந்தக் காலை நீட்டினாப் போதும்" என்றார்.

மறுநாள் நானும் மாப்பிள்ளையும் ஜீப்பின் உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். அப்போதுதான் விந்தை ஒன்று புலப்பட்டது. முந்தைய உடைமையாளர் காப்பி மூட்டைகள் ஏற்றுவதற்காக இடப்புற முன்னிருக்கையை முன்னுக்குத் தள்ளிப் பூட்டியிருந்தார். பின்னால் உற்பத்தியாளர் இட்ட துளைகள் துருவேறிக் காலியாக இருந்தன. மாற்றுச் சக்கரத்தைத் திருட்டுக்கு அஞ்சி உள்ளே கிடத்தியிருந்தார். தரையில் பலகை, அதன்மேல் ரப்பர், அதன்மேல் கம்பளம் என மூன்றடுக்கு. பின்னால் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி வேறு. ஆக, இல்லாத இடத்தை நாங்கள் தேடவில்லை. இருந்த இடத்தைத்தான் அடைத்து வைத்திருந்தோம்.

இருக்கையைப் பழைய துளைகளுக்கே மாற்றினோம். நான்கு அங்குலம் கிடைத்தது. தரையின் அடுக்குகளை நீக்கியதில் பாதத்துக்கு இரண்டு அங்குலம் தாழ்வு கிடைத்தது. மாற்றுச் சக்கரம் வெளியே தன் இடத்துக்குப் போயிற்று. பூட்டொன்று வாங்கி மாட்டினோம். சக்கரம் கிடந்த இடத்தில் துணிமூட்டை அமர்ந்தது. கருவிகளைத் தகரப் பெட்டியில் இட்டுப் பின்னிருக்கையின் அடியில் வாரால் கட்டினோம். தளர்ந்த இரும்பு வளைவில் பறந்து மண்டையைப் பிளக்கும்.

காலைத் தாங்கப் பலகை ஒன்றும் வைத்தோம். ஓட்டிப் பார்த்தபோது நாற்சக்கர இயக்கத்தின் கைப்பிடி அதில் இடித்தது. உடனே பலகையை எறிந்துவிட்டு, இலவம்பஞ்சுத் தலையணை இரண்டைத் தைத்து இடப்புறமாக ஒதுக்கினோம். அன்னையின் கால் நீண்டது. அளந்து பார்த்தால் முன்பைவிட ஏறத்தாழ ஓரடி!

வண்டியில் எதையும் அறுக்கவில்லை, ஒட்டவில்லை. பரிசோதனையிலும் குறையொன்றும் சொல்லாமல் பதிவைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

வைகறையில் புறப்பட்டோம். நஞ்சன்கூட்டில் கபினியைக் கடந்து, சாமராஜநகரில் இருப்புப்பாதையின் முடிவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஆசனூர்க் காட்டுள் நுழைந்தோம். 2013 முதல் புலிகள் காப்பகமாக விளங்கும் வனம் அது. இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ளதால் பகலில் கடப்பதே நன்று. பின்னால் மூட்டைகளோடு நானும் தங்கையும் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தோம். முன்னால் கிடைத்த நான்கு அங்குலம் எங்களிடமிருந்து போனதல்லவா! திம்பத்தில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அன்னை திரும்பி, "உங்களுக்கு இடம் பத்துதா?" என்று கேட்டார். "தாராளம் அம்மா" என்றோம். பண்ணாரியில் அம்மனை வண்டியில் இருந்தபடியே கும்பிட்டார்.

சத்தியமங்கலத்தில் பெரியம்மா படுக்கையில் இருந்தார். அன்னையைக் கட்டிலருகே நாற்காலியில் அமர்த்தினோம். இருவரும் அதிகம் பேசவில்லை. ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு மாலை வரை இருந்தனர். இரண்டு திங்கள் கழித்துப் பெரியம்மா காலமானார்.

அன்பர்களே! வண்டியில் இடமில்லை என்று உங்களில் எவரேனும் பட்டறைக்குப் புறப்படுவீராயின், முதலில் உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்துத் தெருவில் பரப்பிப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைப் படித்துப் பாருங்கள். பிறகு, யாருக்காக இடம் தேடுகிறீர்களோ அவரையே கேளுங்கள். ஓரடி போதுமென்பார்.

அந்த இருக்கையை நாங்கள் இன்னும் மாற்றவில்லை. அடுத்த தைக்கு ஊருக்குப் போக வேண்டுமென்று அன்னை இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.