கழிவுப் பட்டியல்

கணினி திடீரென நின்றுவிட்டால் நம்மவர் முதலிற் பழிப்பது வைரஸை. அடுத்துப் பழிப்பது, அதனைக் கடைசியாகத் தொட்ட மாணவனை. பெட்டியின் பின்புறத்தில் விசிறியோடு பொருந்தியிருக்கும் தகரப் பேழையை ஐயுறுவோர் அரியர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற் நேரோட்டமாக மாற்றி ஏனைய உறுப்புகளுக்கெல்லாம் ஊட்டும் மின்வழங்கி அது. வாங்குவோர் அதன் தரத்தை விசாரிப்பதில்லை. ஆகவே விலையைக் குறைக்க விரும்பும் வணிகன் முதலிற் கைவைப்பதும் அதிலேதான். மலிவுப் பேழைகள் சிலவற்றின் மேலுள்ள சீட்டு 500 வாற்று என்று பறைசாற்றும். உள்ளேயுள்ள பண்டமோ அதில் அரைவாசியைத் தாங்கவும் திணறும்.

நாம் கற்பிக்கும் பாடசாலையில் ஏழு கணினிகள் கழிவுப் பட்டியலில் ஏறவிருந்தன. வீட்டிற் கணினி இல்லாத பிள்ளைகள் ஒரு விசைப்பலகைக்கு நால்வராக நெருங்கியிருந்தே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கின்றனர். கழித்துவிட ஒரு கையொப்பம் போதும். தமிழ் வாத்தியாருக்கு இங்கென்ன வேலை என்று நண்பர்கள் நகைத்தனர். பௌதிகவியல் ஆசிரியரும் அவருடைய பல்மானியும் நமக்குத் துணையிருந்தமையால் அந்நகைப்பை நாம் பொருட்படுத்தவில்லை.

சும்மாயிருக்கும்போது ஒழுங்காக இயங்கி, வேலை கனத்ததும் அணைந்து மீளத் தொடங்கும் கணினியில் மின்வழங்கியையே முதலில் நோக்கவேண்டும். ஆனால் தூசியடைத்த விசிறியும் இதே குணத்தைக் காட்டும். ஒரு கணினிக்குத் தூரிகையே வைத்தியமாயிற்று. மற்றவற்றின் மின்வழங்கிகளைக் கணினியிலிருந்து பிரித்து, பழைய வன்தட்டொன்றைச் சுமையாக மாட்டி, 24 முனை இணைப்பியின் பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு தொடுத்தோம். மூன்றின் விசிறிகள் அசையவேயில்லை. விசிறி சுழன்றால் மட்டும் நலமென்று கொள்ளலாகாது. வேலை செய்யும் வேளையில் அளக்கவேண்டும். 1995இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். நியமத்தின்படி மஞ்சட் கம்பியில் 11.4க்கும் 12.6க்கும் இடைப்பட்ட வோல்ற்றளவு இருத்தல் வேண்டும். நான்காவது கணினியில் அது 10.9க்கு இறங்கியது. ஈற்றில், நலமென்று அறிந்த மின்வழங்கியொன்றை ஒவ்வொன்றிலும் மாற்றி மாட்டிப் பார்த்தோம். இதனை விஞ்சிய சோதனை வேறில்லை. நான்கு கணினிகள் உயிர்த்தெழுந்தன. எஞ்சிய இரண்டும் உண்மையாகவே மாண்டவை.

பேழையைத் திறக்க மாணவரை நாம் விடவில்லை. செருகியைப் பிடுங்கிய பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். காற்றுத் துளைகளூடாக விளக்கடித்துப் பார்த்தபோது, அவற்றுட் சிலவற்றின் தலை புடைத்திருப்பதைப் பிள்ளைகள் கண்டனர். கொள்ளளவியினுள்ளே இருக்கும் மின்பகுதிரவம் வெப்பத்தால் உலர்கின்றது. வெப்பநிலை 10 பாகை ஏற அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகின்றது. குளிரூட்டிய அறைக்குள் ஏழாண்டு வாழும் பொருள், நமது தகரக் கூரையின் கீழே எத்தனை ஆண்டு வாழும்? 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிற் குறைபாடான மின்பகுதிரவம் நிரப்பிய கொள்ளளவிகள் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளைப் பாழாக்கின. அப்போது சில பெருங்கம்பனிகள் தம் வாடிக்கையாளருக்கு இலவசமாகப் பழுது நீக்கிக் கொடுத்தன. பாவித்த கணினிகளை நன்கொடையாகப் பெறும் கிராமப் பாடசாலை எவரிடம் முறையிடும்?

நான்கு மின்வழங்கிகள் வேண்டுமென்று எழுதினோம். கழிவுப் படிவத்தில் இரு நிரல்களே உண்டு: பாவிக்கத்தக்கது, கழிக்கத்தக்கது. உதிரிப்பாகம் வாங்க ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. புதிய கணினிகளுக்கு விண்ணப்பிக்கலாமாம்! பழைய மாணவர் சங்கம் இரண்டை வாங்கித் தந்தது. மற்ற இரு கணினிகளுக்கும் நம்மிடமுள்ள ஒரே மின்வழங்கியைப் பாடவேளைக்குப் பாடவேளை மாற்றி மாட்டுகின்றோம். பதினொராம் வகுப்பு மாணவியொருத்தி அவ்வேலையை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்.