கீழ்க்குளத்துக்கு வழிவிடும் வரப்பு

மண்வெட்டி ஓர் அடி இறங்கியதும் சத்தம் மாறுகிறது. அதுவரை செம்மண்ணில் பொதுக்கென்று பாய்ந்தது, பிறகு ணங்கென்று எதிர்க்கிறது. அடியில் செம்பாறை. புதுக்கோட்டை மாவட்டத்தின் திருவரங்குளம் வட்டாரத்து மேட்டு நிலங்களில் பல இடங்களில் இதுதான் கதை. வெட்டியெடுத்த புதிதில் கருவிக்கு இணங்கும் கல் இது. காற்றும் வெயிலும் பட்டால் இறுகிப்போகும்.

“பாறை தட்டிருச்சு. இனி கடப்பாரைதான். கடப்பாரைன்னா கூலி வேற தம்பி” என்றார் முன்னால் வெட்டிக்கொண்டிருந்த அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கூட வேலை செய்த எல்லோருக்கும் அவர் பெரியம்மா. நூறு நாள் வேலையில் குளம், வாய்க்கால், வரப்பு என்று வெட்டிப் பழகிய கை. அவரோடு ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நிற்க, பெண்கள் சும்மாட்டில் சட்டியை ஏற்றி மண்ணைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். வெட்டுவதிலும் பெரியம்மா எந்த ஆணுக்கும் பின்வாங்கவில்லை.

நிலம் சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்துத் திரும்பிய ஒரு தம்பியுடையது. கஜா புயலில் விழுந்த மரங்களை அகற்றிய பிறகு சில வருடம் சும்மா கிடந்த மூன்று ஏக்கர். இப்போது அதில், இயற்கையின் ஒழுங்கைப் பின்பற்றி நிலத்தை வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறையில் வீடும் தோட்டமும் அமைக்கிறார். அதைப் பார்க்கத்தான் செப்டம்பர் வெயிலில் போயிருந்தேன். போனில் நிறையப் படங்கள் வைத்திருந்தார். அவற்றில் பெரும்பாலானவை பனி விழும் ஊர்களின் படங்கள்.

அதில் ஆச்சரியமில்லை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் எழுதிய முதல் நூலில் தொடங்கிய துறை இது. அந்தத் தீவு குளிர்ச்சியானது. ஐரோப்பாவில் பலரும் உதாரணம் காட்டும் செப் ஹோல்சரின் பண்ணை ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில், 1100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பாறையும் குட்டையும் வெயிலைப் பிடித்துவைக்கும் கருவிகள். தெற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல், வெப்பத்தைச் சேமிக்கும் தடித்த சுவர், வாடைக்கு எதிராக வடக்கே மரவரிசை என்று அங்குள்ள குளிர்நாட்டு வடிவமைப்பு முழுக்க ஒரே கவலையைச் சுற்றி நடக்கிறது: கிடைத்த சூட்டை விட்டுவிடக் கூடாது.

புதுக்கோட்டையில் சூட்டை யாரும் சேமிக்க வேண்டியதில்லை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் பின்பகுதியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அடி வாங்குவது கூரையும் கிழக்கு, மேற்குச் சுவர்களும். தம்பி முதலில் தெற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்கச் சொல்லியிருக்கிறார். கொத்தனார் அதைக் கேட்டுவிட்டு, “மேக்க சின்னதா ஒண்ணு போதும்ணே, தாழ்வாரத்தை நல்லா இறக்கிவிடுவோம், அந்தப் பக்கம் ஒரு புங்கை வச்சுருங்க” என்றாராம். வீடு பாதி எழும்பியிருந்தது, கொத்தனார் சொன்னபடியே.

மரத்துண்டுகளைப் புதைத்து அதன்மேல் மண்மேடு போட்டு நடும் ஐரோப்பிய முறையையும் முயன்று பார்த்திருக்கிறார். குளிரில் மரம் மெல்ல மக்கும், ஈரத்தைப் பல வருடம் பிடித்துவைக்கும். இங்கே கரையான் வந்துவிட்டது.

நான் அதிக நேரம் நின்றது வரப்பில்தான். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் நீளமாகக் குழி வெட்டி, வெட்டிய மண்ணைத் தாழ்ந்த பக்கம் கரையாகப் போடுவது முறை. ஓடிவரும் மழைநீர் குழியில் நின்று மண்ணுக்குள் இறங்கும். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு மட்டம் பிசகக் கூடாது. ஓர் இடம் இரண்டு அங்குலம் தாழ்ந்தால் குழியின் தண்ணீர் முழுக்க அங்கே சேர்ந்து கரையை உடைத்துக்கொண்டு போய்விடும். கொத்தனாரிடம் இருந்து லெவல் டியூபை வாங்கி வந்திருந்தார்கள். நீர் நிரப்பிய குழாயின் ஒரு நுனியை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் மறுநுனியோடு நகர்ந்து போக, இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒத்துவரும் இடத்தில் ஒரு குச்சி. அடுத்த குச்சி. அதற்கடுத்தது. குச்சிகள் நேர்க்கோட்டில் போவதில்லை. நிலம் வளைகிறபடி வளைகின்றன.

பெரியம்மா டியூபைத் தொடவில்லை. வரிசையாக நட்ட குச்சிகளைக் கொஞ்சம் விலகி நின்று பார்த்தார். “அந்த நாலாவது குச்சி தப்பு” என்றார். திரும்ப அளந்தார்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி ஒன்று நின்றிருந்தது.

கரை போடுவதிலும் அவருக்கென்று ஒழுங்கு இருந்தது. ஒரு சாண் மண் விழுந்ததும் மிதிக்க வேண்டும், பிறகுதான் அடுத்த சட்டி. அள்ளிக் கொட்டிவிட்டுக் கடைசியில் தட்டினால் முதல் மழையில் உட்கார்ந்துவிடும் என்றார். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று பிறகு அளந்து கூலி பேச, குழிக்கு நடுவே ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அரசாங்க வேலையில் வந்த பழக்கம்.

பிற்பகலில்தான் வாக்குவாதம் வந்தது. வரப்பின் தென்கோடியில் பெரியம்மா கரையை மூடாமல் இரண்டு அடி இடைவெளி விட்டு, அதில் செம்பாறைக் கற்களைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்.

“பெரியம்மா, அதையும் அடைச்சிருங்க. ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது.”

“வெளிய போகாம எங்க போகும்? கீழ குளம் இருக்குல்ல தம்பி?”

“குளத்துக்கு வேற பக்கமிருந்து வரும்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க.”

தம்பியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 4 லட்சம் லிட்டர். மூன்று ஏக்கருக்கு 12 லட்சம். ஆழ்குழாய்க் கிணறுகள் வருடா வருடம் ஆழமாகிக்கொண்டு போகும் ஊரில், தலைக்கு மேல் விழும் நீரை ஏன் விட வேண்டும் என்ற கேள்வி தப்பில்லை. அவர் படித்த புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன.

ஆனால் அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் பண்ணை என்பது வேலிக்குள் முடிகிற ஒன்று. புதுக்கோட்டையில் அப்படி ஒரு நிலம் கிடையாது. வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. 5000-க்கும் மேற்பட்ட குளங்களும் ஏரிகளும் கண்மாய்களும்தான் இதைப் பிழைக்கவைத்தன. குளத்தின் மதகருகே கல்வெட்டு பொறித்த குமிழித் தூண்களை இன்னமும் இந்தப் பக்கம் பார்க்கலாம். மேட்டு நிலத்தில் விழும் மழை வரத்துவாரியில் சேர்ந்து குளத்துக்கு வரும், குளம் நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த குளத்துக்குப் போகும். மேட்டில் இருப்பவன் செய்வது பள்ளத்தில் இருப்பவனுடைய நெல். தைலமரக் காடுகளுக்குள் போட்ட வரப்புகள் மழைநீரைத் தடுத்துவிடுகின்றன, குளங்கள் நிரம்புவதில்லை என்று இம்மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குறை சொல்லிவருகிறார்கள். தைலமரத்துக்குப் போட்டால் கெட்ட வரப்பு, பலாவுக்கும் முருங்கைக்கும் போட்டால் நல்ல வரப்பு என்று தண்ணீர் பார்ப்பதில்லை. இயற்கை விவசாயம் பேசும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் கோபப்படுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்த மாவட்டத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கீரனூர் பக்கம் ஓடுகம்பட்டியில் ‘குடும்பம்’ அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை, இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் கைபட்டு வளர்ந்த இடம். வறண்ட நிலத்தைக் காடாக்கியது அது. வம்பனில், திருவரங்குளத்துக்கு மிக அருகே, தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் 8 உளுந்து அங்கே உருவானதுதான். வரப்புகளுக்கு இடையில் அந்த உளுந்தை விதைக்கப்போவதாகத் தம்பி சொன்னார். மானாவாரிக்குப் பொருத்தமான முடிவு.

மரவரிசையிலும் இந்த ஊருக்கென்று கணக்கு உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி இந்தப் பக்கம் வந்தது. “முதல்ல வடக்கேயிருந்து அடிச்சுச்சு. நின்னுபோச்சேன்னு வெளிய வந்தோம். அப்புறம் தெக்கேயிருந்து வாங்கிச்சு பாருங்க, அதுலதான் தென்னை பூரா போச்சு” என்றார் சட்டி சுமந்த ஓர் அக்கா. புயல் இடஞ்சுழியாகச் சுழன்றபடி மேற்கே நகர்வதால், மையம் கடந்ததும் காற்று திசை மாறும். ஒரே திசையில் காற்று வரும் குளிர்நாடுகளில் ஒரு பக்கம் மரம் போதும். இங்கே நாலு பக்கமும் வேண்டும். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் என்று தென்னையும் பலாவும் வாழையும் படுத்துவிட்ட நிலத்தில் பனை நின்றது. தம்பி எல்லைநெடுக ஊன்றிய பனங்கொட்டைகள் ஓலை விடத் தொடங்கியிருந்தன. அவை மரமாகிக் காற்றைத் தாங்கப் பல வருடம் ஆகும். அதுவரைக்கும் கிளைரிசிடியாவும் வேம்பும்.

வாக்குவாதம் எப்படி முடிந்தது என்று கேட்டால், முடியவில்லை என்பதுதான் சரி. இடைவெளி இருக்கட்டும், ஆனால் கல்லை அரை அடி உயர்த்திப் படுக்கவைப்போம் என்று சமாதானம் ஆனது. சிறு மழை முழுக்க நிலத்துக்கு. பெருமழையின் மிச்சம் குளத்துக்கு. கலிங்கின் வேலையும் அதுதான். தம்பி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார், அவர் சேர்ந்திருக்கும் வகுப்புக்கு அனுப்ப. அந்த வகுப்புக்குக் கட்டிய பணம், பெரியம்மாவின் பல வாரக் கூலி. பெரியம்மாவின் பெயர் படத்தின் கீழே வருமா என்று தம்பியிடம் கேட்டேன். சிரித்தார்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. கல்லைத் தாண்டி வழியும் நீர் குளத்துக்குப் போக வேண்டிய வரத்துவாரியில், இரண்டு நிலம் தள்ளி, சீமைக்கருவேல் அடைத்து நிற்கிறது. அதற்கும் கீழே ஒருவர் கம்பிவேலியை வாரிக்குள்ளேயே நட்டிருக்கிறார். அக்டோபர் 2 கிராமசபையில் மனு கொடுப்பது என்று பேச்சு. யார் எழுதுவது என்பதில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. வேலி நட்டவர் சொந்தக்காரர். “நீங்க எழுதுங்க தம்பி, நாங்க எல்லாரும் கைநாட்டு வைக்கிறோம்” என்றார் பெரியம்மா. கடலைக்காட்டில் களையெடுப்பு தொடங்கிவிட்டதால், மீதி இரண்டு வரப்புகளுக்கு ஆள் அடுத்த வாரம்தான் வருவார்கள். கடப்பாரைக் கூலி இன்னும் பேசி முடியவில்லை.