அரபிக்கடலில் எறிந்த மாடல்

பாறசாலை
18 நவம்பர் 2025

அன்புள்ள முத்தையா,

விடிய விடிய அமெரிக்கச் செய்தி பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிற ஆள் நீ. இதைச் சாயங்காலமாக, காபிக்குப் பிறகு படி.

நாகர்கோவிலில் பாசஞ்சர் வண்டி ஏறி நேற்று முன்தினம் இங்கே இறங்கினேன். இரணியல், குழித்துறை, குழித்துறை மேற்கு, அப்புறம் பாறசாலை. எந்த இடத்தில் தமிழ்நாடு முடிந்தது என்று வண்டிக்குள் இருந்த யாருக்கும் கவலையில்லை. ரோடு வழியாக வந்திருந்தால் தெரிந்திருக்கும். களியக்காவிளை கடைத்தெருவைத் தாண்டி இஞ்சிவிளையில் கால் வைத்ததும் லாட்டரிக் கடைகள் ஆரம்பித்துவிடுகின்றன. நம் ஊரில் லாட்டரியை 2003இல் ஒழித்தோமே, அந்தச் சனங்களெல்லாம் இங்கே வரிசையில் நிற்கிறார்கள். பாதிப் பேர் தமிழில் நம்பர் கேட்கிறார்கள், கடைக்காரர் மலையாளத்தில் சில்லறை கொடுக்கிறார். இரண்டு தரப்பும் தான் பேசுவதுதான் ஊர்ப் பாஷை என்று நினைத்துக்கொண்டிருப்பதால் சண்டையில்லை.

இங்கே உள்ளாட்சித் தேர்தல் களை கட்டியிருக்கிறது. டிசம்பர் 9 ஓட்டுப்பதிவு. மதில் பூராவும் அரிவாளும் கையும் தாமரையும். சாயாக்கடையில் உட்கார்ந்தால் வார்டு வார்டாகக் கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்தது: 'அவிசுவாசம்'. போன தடவை இன்ன பஞ்சாயத்தில் அவிசுவாசம் கொண்டுவந்தார்கள், இன்னார் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார், இந்தத் தடவை ஜெயித்தாலும் ஆறு மாதம் கழித்து அவிசுவாசம் வரும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் அது பத்திரிகைக்காரன் எழுதுகிற நீளமான சொல். இங்கே சாயாவோடு சேர்த்துக் குடிக்கிற சொல்.

அண்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலை. எல்லைக்கு இரண்டு பக்கமும் இதே பெயர்தான். ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டதே, அதை உன்னையும் என்னையும் போலச் செய்தியாகப் பார்க்கிறவர் இல்லை அவர். பருப்பு விலையாகப் பார்க்கிறார். என் ஊரையும் பேரையும் விசாரித்துவிட்டு நேராகக் கேட்டார்:

“இந்த டிரம்பு மேல ஒரு அவிசுவாசம் கொண்டு வரப் பற்றாதா, சாரே?”

பற்றாதா என்றால் முடியாதா. நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பாய். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அங்கே அப்படியொரு வழியே கிடையாது. குற்றம் சாட்டிப் பதவி நீக்கும் ஏற்பாடு உண்டு, ஆனால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார், 1999இல் கிளிண்டன் தப்பினார், டிரம்ப் இரண்டு முறை தப்பினார். இரண்டாம் முறை 57 பேர் எதிர்த்தும் போதவில்லை, 67 வேண்டியிருந்தது. இந்த வழியில் ஒரு ஜனாதிபதிகூட அங்கே வீட்டுக்குப் போனதில்லை. போன புதன்கிழமை வரை நாற்பத்து மூன்று நாள் அமெரிக்க அரசாங்கம் பூட்டிக் கிடந்ததையும் சொன்னேன். பட்ஜெட் தோற்றால் நம்மிடம் மந்திரிசபை போகும். அங்கே மந்திரிசபை இருக்கும், குமாஸ்தா சம்பளம் போகும். விமானங்களை வழிநடத்துகிறவன் சம்பளமில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் பேத்தி டல்லாஸ் விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் கிடந்த கதை அதுதானே.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப இது சர் சி.பி. கொண்டு வந்ததுல்லா!” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கடிதம்.

மறுநாள் காலை நெய்யாற்றின்கரைக்குப் போனேன். கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' இருக்கிறது. பட்டுப்போன பலாமரம், அடிமரத்தை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்டவர்மா, அரச குடும்பத்தை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்ப இதன் பொந்தில் ஒளிந்தார் என்பது ஊர்க்கதை. பொந்தில் ஒளிந்தவர் அரசரான பிறகு 1750 ஜனவரி 3 அன்று நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்து, அவருடைய தாசனாக ஆண்டார். பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றையிலிருந்து அரசரை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பதாகிவிட்டது. யார் மேலும் யாரும் அவிசுவாசம் கொண்டுவர முடியாத ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை எழுத்தால் உரசிப் பார்த்தவரும் இந்த ஊர்க்காரர்தான். 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை, 1878இல் அதியன்னூரில் பிறந்தவர். வக்கம் மௌலவி 'சுதேசாபிமானி' பத்திரிகையை நடத்த, இவர் ஆசிரியராக இருந்து திவான் ராஜகோபாலாச்சாரியை வாரம் தவறாமல் வறுத்தெடுத்தார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறிமுதல் செய்து இவரை நாடு கடத்தினார்கள். எங்கே என்கிறாய்? ஆரல்வாய்மொழி வழியாக நம் திருநெல்வேலிக்கு! திருவிதாங்கூருக்கு அன்று வெளிநாடு நாம்தான். விசாரணை கிடையாது, அப்பீல் கிடையாது, மகாராஜாவின் ஒரு கையெழுத்து. செப்டம்பரில் ஒரு கையெழுத்தில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவிப்பு வந்த இரவு நீ எனக்குப் போன் செய்தாயே, அது ஞாபகத்துக்கு வந்தது. இரண்டையும் ஒன்றாக வைப்பது அநியாயம்தான். அங்கே வழக்குப் போடக் கோர்ட்டு இருக்கிறது, நாலு வருஷத்தில் தேர்தல் இருக்கிறது. ஆனாலும் ஞாபகம் வந்தது.

1938இல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பொறுப்பாட்சி கேட்டுப் போராடியது. மந்திரிகள் சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. தலைவர் பட்டம் தாணுப் பிள்ளை. ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் கூடிய கூட்டத்தின் மீது சுட்டார்கள். வீரராகவன் உள்ளிட்டோர் செத்து விழுந்தார்கள். திவான் அப்போது சர் சி.பி. ராமசாமி ஐயர். அன்னி பெசன்டோடு ஹோம் ரூல் இயக்கம் நடத்திய அதே சி.பி.தான். மனிதர்கள் மாறுகிற வேகத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்தச் சி.பி.தான் 1946இல் ஒரு புதிய அரசியலமைப்பை நீட்டினார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, இரண்டு சபைகள், கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு முள்: நிர்வாகம் திவான் கையில், அவரைச் சட்டசபை அகற்ற முடியாது. அமெரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது, நிலையான ஆட்சிக்கு அதுவே வழி என்றார். பெயரே 'அமெரிக்கன் மாடல்' ஆகிவிட்டது. சட்டம் கற்ற பெரிய மூளை அது. வாதத்தில் ஓட்டை தெரியாதவர் அல்ல. அமெரிக்க ஜனாதிபதியை எளிதில் அகற்ற முடியாவிட்டாலும் தேர்ந்தெடுப்பது ஜனங்கள். சி.பி. நாற்காலியை மட்டும் இறக்குமதி செய்து, ஓட்டுப்பெட்டியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார். சாதாரண சனங்கள் அதைக் கண்டுபிடித்த விதம்தான் அழகு. 'அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்' என்று நாலு சொல்லில் கூட முடிக்கவில்லை, மூன்று சொல்லில் முடித்தார்கள். ஆலப்புழை பக்கம் கயிறு திரிக்கிறவர்களும் வயல்கூலிகளும் அந்தக் கோஷத்தோடு எழுந்தார்கள். 1946 அக்டோபர் 24இல் புன்னப்புரா, 27இல் வயலார், துப்பாக்கி பேசியது. அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் தனி நாடு என்று சி.பி. அறிவித்ததும், ஜூலை 25 இரவு திருவனந்தபுரம் சங்கீத அகாதமியில் அவர் வெட்டுப்பட்டதும், சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேர்ந்ததும் உனக்குத் தெரிந்த கதை.

கடலில் எறிந்தாயிற்று. இனி எல்லாம் சுகம் என்று முடிக்கலாம். ஆனால் நான் நம்மவன், எல்லைக்கு நம் பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

1954இல் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர் யார் தெரியுமா? அதே பட்டம் தாணுப் பிள்ளை. 117 பேர் சபையில் பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்க, பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. நெய்யாற்றின்கரையில் தன் தொண்டர்கள் சுடப்பட்ட பதினாறு வருஷத்தில், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தெற்கே, அந்தத் தலைவரின் போலீஸ்! பேருந்தில் முக்கால் மணி நேரம். நேற்று அந்தத் தூரத்தை வேண்டுமென்றே போய் வந்தேன். ஜன்னலில் ரப்பரும் வாழையும் மாதா கோயிலும்தான் தெரிந்தன.

ஆனால் 1954இல் இரண்டு காரியங்கள் நடந்தன, 1938இல் நடக்க முடியாதவை. ஒன்று, லோகியா. அவர் பட்டத்தின் கட்சிக்கே பொதுச் செயலாளர், அப்போது உத்தரப்பிரதேசத்தில் நைனி சிறையில் இருந்தார். அங்கிருந்தே, நிராயுதபாணிகளைச் சுட்ட நம் அரசு ராஜினாமா செய்ய வேண்டும், விசாரணை வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நாடு முழுக்க அந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது இந்த ஒரு மூலையில்தான். கட்சி கேட்கவில்லை. அந்தச் சண்டையில் கட்சியே பிளந்தது. செத்தவர்கள் தமிழர்கள், சொன்னவர் இந்திக்காரர், சொல்லப்பட்டவர் மலையாளி. நம் ஊரில் லோகியாவை இந்தித் திணிப்புக்காரர் என்று மட்டும்தானே ஞாபகம் வைத்திருக்கிறோம்? அதுவும் உண்மை, இதுவும் உண்மை. பத்து வருஷம் கழித்து, 1964 மே மாதக் கடைசியில், இதே மனிதர் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் வேட்டி கட்டிக்கொண்டு வெள்ளையர் சாப்பாட்டுக் கடைக்குள் நுழையப் பார்த்துக் கைதானார். அமெரிக்க அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. தன் கட்சியிடம் கேட்ட கணக்கை அடுத்தவன் நாட்டிலும் போய்க் கேட்டவர். நீ அமெரிக்காவைத் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருவது இதனால்தான். உள்ளூரில் உன் கட்சி செய்தால் 'நிர்வாகக் காரணம்' என்கிறாயே!

இரண்டாவது காரியம், அவிசுவாசம். சுட்ட ஆறு மாதத்துக்குள், 1955 பிப்ரவரியில், சட்டசபை பட்டத்தைக் கவிழ்த்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்காரர்கள் பன்னிரண்டு பேர் இருந்த சபை அது. காங்கிரஸ் கைவிட்டதற்குச் செத்தவர் மேல் இரக்கம் மட்டும் காரணமில்லை, நாற்காலிக் கணக்கும் உண்டு. இருக்கட்டும். சி.பி.யின் மாடல் மட்டும் நிலைத்திருந்தால் அந்தக் கணக்குக்குக்கூட இடமில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் நம்மிடம் வந்தன. கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை வரவில்லை. அதனால்தான் நான் இன்று லாட்டரிக் கடைப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அமெரிக்கா அப்புறமும் இந்த மாநிலத்தை விடவில்லை. 1959இல் ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் மந்திரிசபையைச் சட்டசபை கவிழ்க்கவில்லை, தில்லி கலைத்தது. கேரளத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் காங்கிரஸுக்குச் சி.ஐ.ஏ. பணம் தந்ததுண்டு என்று, இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978இல் தன் நூலில் எழுதிவிட்டார். கடலில் எறிந்த சாமான் சில சமயம் வேறு கரையில் ஒதுங்கும்.

பெரியவர் நேற்று மாலையும் சாயாக்கடைக்கு வந்திருந்தார். இந்தத் தடவை அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. “உங்க பக்கம் பஞ்சாயத்து பிரசிடெண்டை எப்படி இறக்குவிய?”

கேரளத்தில் வார்டு மெம்பர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; பிடிக்காவிட்டால் அவர்களே இறக்குகிறார்கள். நம் கிராம ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. மெம்பர்கள் கூடி அவரை இறக்க முடியாது. நீக்குகிற அதிகாரம் கலெக்டரிடம். அதாவது, களியக்காவிளையைத் தாண்டி மேல்புறம் ஒன்றியத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தால் சி.பி.யின் அமெரிக்கன் மாடல் உயிரோடு இருக்கிறது, ஓட்டுப்பெட்டி சகிதம். நேரடித் தேர்தலில் எனக்கு வருத்தமில்லை. ஒரு மெம்பரை விலைக்கு வாங்கி ஊரைக் கவிழ்க்கிற வியாபாரத்தை இங்கே இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் அதுகூட இப்போது அங்கே இல்லையே. கன்னியாகுமரி மாவட்ட ஊராட்சிகளின் காலம் இந்த ஜனவரி 5ஆம் தேதியே முடிந்துவிட்டது. பத்து மாதமாகத் தனி அலுவலர்தான். தேர்ந்தெடுக்கவும் ஆளில்லை, இறக்கவும் ஆளில்லை.

இதைச் சொன்னபோது பெரியவர் சிரிக்கவில்லை. “அப்ப நிங்களுக்கும் திவானா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, சாயாக் காசை அவரே கொடுத்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை.

நாளைக்குப் பொழியூர் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு, நாளை மறுநாள் குழித்துறையில் வண்டி ஏறுகிறேன். தம்பியின் விசா என்ன ஆயிற்று என்று எழுது. பருப்பு அரைக்கிலோ வாங்கியிருக்கிறேன். முழுசு கிடைக்கவில்லை, உடைத்ததுதான், பாயசத்துக்கு ஆகும்.

உன்,
சிவஞானம்