ஹாங்காங் நாட்கள் – 5: ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள்

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். வங்கித் தலைமையகங்கள் நெருக்கி நிற்கும் சேட்டர் சாலையில் அன்று வண்டி ஓடாது. சாலை முழுக்கப் பெண்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, செருப்புகளை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, சோறும் மீனுமாகப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். தலை பின்னிவிடுகிறார்கள், ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறார்கள், நடனம் பழகுகிறார்கள். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த எச்எஸ்பிசி கட்டடத்தின் கீழ்த்தளம் நாலு பக்கமும் திறந்தது. அந்த நிழலிலும் உட்கார இடமில்லை.

எல்லாரும் வீட்டு வேலை செய்பவர்கள். இந்த நகரத்தில் அவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள், அடுத்தபடியாக இந்தோனேசியர்கள். இந்தோனேசியப் பெண்கள் கூடுவது காஸ்வே பே பக்கம், விக்டோரியா பூங்காவில்.

ஏன் தெருவில்? அவர்களுக்கென்று இங்கே வீடு கிடையாது. முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்று 2003-லிருந்து கட்டாயம். ஹாங்காங் ஃபிளாட்டுகளின் அளவு தெரிந்தவர்களுக்கு, அந்த வீடுகளில் பணிப்பெண்ணுக்கு என்ன இடம் மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் படுப்பவர்கள் உண்டு, சமையலறை ஓரத்தில் படுப்பவர்களும் உண்டு. ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு, அதுவும் தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்கிறது சட்டம். அந்த ஒரு நாளில்தான் அவர்கள் தமக்கென்று உட்கார முடிகிறது.

அந்த ஒரு நாளையும் அடுத்தவருக்குக் கொடுப்பவர்களைத் தேடித்தான் நான் போனேன். நடைபாதை ஓரமாக, கையில் ஃபைல்களோடு உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மாள். பல வருடமாக ஒரே வீட்டில் வேலை. ஞாயிறு தோறும் புதிதாக வந்தவர்களின் காண்ட்ராக்டைப் படித்து விளக்குகிறார். "உட்காருங்க சார்" என்று அட்டையில் இடம் ஒதுக்கினார். எதிரே ஒரு சின்னப் பெண். வேலை வாங்கித் தந்த ஏஜென்சி பணமும் பிடுங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டதாம்.

"ரசீது கொடுத்தாங்களா?"

"இல்லக்கா."

"எந்தத் தேதி கொடுத்தே, யார் கையில கொடுத்தே, எல்லாம் எழுதி வை. முதல் மாசச் சம்பளத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல அவங்க வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் உன்னோடது. அழாம எழுது."

அந்தப் பெண் எழுதினாள். வக்கீல் படிப்பு இல்லாத ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சட்டம் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்படி உதவுவதற்கென்றே ஓர் அமைப்பும் உண்டு. கார்டன் சாலையில் செயின்ட் ஜான்ஸ் பேராலயம் இருக்கிறது. 1981-ல் தொடங்கிய 'மிஷன் ஃபார் மைக்ரன்ட் வொர்க்கர்ஸ்' அமைப்புக்கு அதுதான் தாய்வீடு. 1986-ல் 'பெத்யூன் ஹவுஸ்' என்ற தங்குமிடமும் வந்தது. அதன் அருமை புரிய ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். காண்ட்ராக்ட் முறிந்தால் இரண்டே வாரத்தில் நாட்டைவிட்டுப் போக வேண்டும். சம்பளப் பாக்கிக்கோ அடி உதைக்கோ வழக்குப் போட்டால் விசாவை நீட்டிக்கலாம், ஆனால் வழக்கு முடியும்வரை வேலை செய்யக் கூடாது. வருமானமும் கிடையாது, கூரையும் கிடையாது என்றால் யார்தான் வழக்கு நடத்துவார்கள்? படுக்கப் பாயும் மூன்று வேளைச் சோறும் கிடைப்பதால்தான் நீதி கேட்க முடிகிறது. தானும் பணிப்பெண்ணாக இருந்து புகைப்படக் கலைஞரான சைசா குரூஸ் பகானி, இந்தத் தங்குமிடத்துப் பெண்களைப் படமெடுத்துத்தான் உலகத்துக்குக் காட்டினார்.

எர்வியானா என்ற இந்தோனேசியப் பெண்ணின் வழக்கையும் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் காயத்தோடு, 2014 ஜனவரியில் அவரை ஊருக்கு விமானம் ஏற்றி அனுப்பினார் முதலாளியம்மா. விமான நிலையத்தில் அவரைக் கவனித்துக் கைகொடுத்தவர் இன்னொரு பணிப்பெண். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். மறு வருடம் அந்த முதலாளிக்கு ஆறு ஆண்டு சிறை. முன்பின் தெரியாத ஒருத்தி நின்று "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருக்காவிட்டால் அந்த வழக்கே இல்லை.

மாலை சாய்ந்ததும் அட்டைகளை மடித்துக் கட்டினார்கள். குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள். பல வீடுகளில் இரவு திரும்ப நேரக் கெடு உண்டு. ஃபைல்காரம்மாவும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். 24 மணி நேரம் என்பது ஏட்டில்தான்.

வெளிநாட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. உங்கள் உறவிலும் இருக்கலாம். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவருடைய விடுமுறை நாளை முழுசாக விட்டுவிடுங்கள்.

(பயணம் தொடரும்)