போட்டிக்கு எந்தத் தற்காப்புக் கலை?

போட்டிக்காகத் தற்காப்புக் கலை பழகுவோர் முதலில் பார்க்க வேண்டியது புள்ளி விதி. ஜூடோவில் எதிராளியை வேகத்தோடும் வலுவோடும் முதுகு பட வீழ்த்தினால் 'இப்போன்'. ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். தரையில் 20 விநாடி அசையவிடாமல் அமுக்கிப் பிடித்தாலும் அதே வெற்றிதான். டேக்வாண்டோவில் மின்னணுக் கவசம் உதையைப் பதிவுசெய்கிறது. மார்பைவிடத் தலையில் விழும் உதைக்குப் புள்ளி அதிகம். ஆகவே பிடிவலு உள்ளவருக்கு ஜூடோ, கால்வீச்சு உள்ளவருக்கு டேக்வாண்டோ பொருந்தும்.

அடுத்தது மேடை. ஜூடோ 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நுழைந்தது. டேக்வாண்டோ 2000 சிட்னியிலிருந்து பதக்க விளையாட்டு. கராத்தே டோக்கியோ 2020இல் மட்டும் இடம்பெற்றது. பாரிஸ் 2024இல் இல்லை. சிலம்பம், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, பயிற்சிக் களம். நடுவர் விதி தெரிந்த ஆசானும், ஒத்த எடையுள்ள இணைகளும் இல்லாத இடத்தில் திறமை வளராது. பெல்ட்டின் நிறம் தேர்வில் கிடைத்துவிடும். பதக்கம் எதிராளியோடு மோதிப் பழகியவருக்கே கிடைக்கும். சேருமுன் ஒரு மாலை அந்தக் களத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.