உப்பு எங்கே தங்கும்?
நெய்வேலி ஆர்ச் கேட் முதல் கோடியக்கரை வரை மூன்று நாள்

காணும் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் பதினான்கு பேர் வேனுக்காகக் காத்திருந்தோம். பன்னிரண்டு பேர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் முந்திரியும் பலாவும் வைத்திருப்பவர்கள். மற்ற இருவர் டவுன்ஷிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மாடித்தோட்டம் போடுகிறவர்கள். ‘எப்போது வெளியூர் போனாலும் பயிற்சி, கண்காட்சி என்றுதான் போகிறோம். ஒரு தடவை சும்மா ஊர் சுற்றப் போவோமே’ என்று ஆறு மாதமாகப் பேசி வைத்த பயணம் இது. பிச்சாவரத்தில் படகு, தரங்கம்பாடியில் கோட்டை, கோடியக்கரையில் மான் பார்க்கக் காட்டுக்குள் சவாரி என்று கடலை ஒட்டியே மூன்று நாள். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர். எங்களுக்கு அவர் ‘ஐயா’.

எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. தங்கச்சியைக் கிள்ளைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை. நான்கு வருடமாக நாற்று நட்டால் நுனி காய்கிறது, வெயில் ஏறினால் வரப்போரம் வெள்ளை பூக்கிறது. இரண்டு தடவை ஜிப்சம் போட்டும் பலன் இல்லை. இந்த நிலையில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, ‘இறால் குட்டை போட ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுங்கள்’ என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்ன தொகை, நெல்லில் மாப்பிள்ளை கனவிலும் பார்க்காத தொகை. “மச்சான், நீங்க சரின்னா கையெழுத்து போட்டுடறேன்” என்று போனில் சொல்லியிருந்தார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் வேனில் ஏறினேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீர் கதை வேறு மாதிரி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டப் போய்க் கரிய மண் கிடைத்ததில் தொடங்கிய ஊர் இது. 1956-ல் நிறுவனம் வந்தது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிளந்துவிடும் என்பதால் இரவும் பகலும் பம்பு ஓடுகிறது. வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது. வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டியதும் ஐயா வேனை ஓரங்கட்டச் சொல்லி அந்த வாய்க்கால் ஒன்றைக் காட்டினார். “நம்ம ஊர்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. இன்னைக்கு நிக்கிற தண்ணியைப் பார்க்கப் போறோம்” என்றார். அப்போது அது எங்களுக்குப் புரியவில்லை. பசி வேறு.

பிச்சாவரத்துக்கு எட்டரை மணிக்கெல்லாம் போய்விட்டோம். நீங்களும் காலையிலேயே போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது. மோட்டார் படகு வேகமாகப் போகும், ஆனால் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழைய முடியாது. துடுப்புப் படகே நல்லது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே கிடக்கும் அலையாத்திக் காடு இது. தலைக்கு மேல் கிளைகள் பின்னிக் கிடக்க, கீழே சுரபுன்னையின் முட்டுவேர்கள் வில்லாக வளைந்து சேற்றில் இறங்கியிருந்தன. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகுதான் சேற்றில் விழுகிறது. உப்புத் தண்ணீரில் விதை முளைப்பது கஷ்டம் என்பதால் தாய்மரமே நாற்றங்கால் வேலையையும் பார்த்துவிடுகிறது! வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னார் படகுக்காரர். உப்பு கரித்தது. சுரபுன்னை உப்பை வேரிலேயே பெருமளவு தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே விட்டு இலை வழியாகத் துப்பிவிடுகிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் இங்கேதான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, தொடாதீர்கள்.

இவ்வளவு உப்பு தாங்கும் காடே ஒரு காலத்தில் உப்பால் செத்திருக்கிறது என்று ஐயா சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. முன்பு இந்தக் காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்து வெட்டியிருக்கிறார்கள். நிழல் போன இடத்தில் சேறு காய்ந்து, அமுங்கி, தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப இறங்க வழியில்லாமல் அந்தக் குழியிலேயே நின்று வற்றியது. உப்பு மேலே மேலே சேர்ந்து, கடலைவிடக் கரிப்பாகிவிட்டது. அதில் கண்டலும் முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அங்கே மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதநீர் ஏறவும் இறங்கவும் வழி கிடைத்ததும் தேங்கிய உப்பு கழுவிப்போனது. கரையில் நட்ட நாற்றுகள் பிடித்துக்கொண்டன. கவனியுங்கள், உப்பைக் கழுவியதே உப்புத் தண்ணீர்தான்!

மாப்பிள்ளை மதியம் படகுத் துறைக்கே வந்துவிட்டார். ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “மண்ணைக் கொடுத்துப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். “இல்லீங்கய்யா, கடைக்காரர் சொன்னாருன்னு ஜிப்சம் போட்டேன்.” ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார்.

உவர் வேறு, களர் வேறு. மின்கடத்துத்திறன் (இ.சி.) 4-க்கு மேலும் கார அமில நிலை 8.5-க்குக் கீழும் இருந்தால் உவர் நிலம். அதற்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல தண்ணீரைத் தேக்கி, வடித்து, மறுபடி தேக்கி வடிக்க வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேலே போய், சோடியம் ஏறி, தண்ணீர் இறங்காமல் மண் இறுகிக் கிடந்தால் அது களர். ஜிப்சம் அதற்குத்தான், அதுவும் வடிகால் இருந்தால்தான் வேலை செய்யும். மாப்பிள்ளை வயலுக்கு நடந்தே போனோம். கிழக்குக் கோடியில் பழைய வடிகால் தூர்ந்து, நாணல் முளைத்துக் கிடந்தது. “நீங்களும் ஒரு தாம்பாளம்தான் வச்சிருக்கீங்க” என்றார் ஐயா. ஐந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, ஒரு பையில் கட்டிக்கொண்டார்.

இரவு சிதம்பரத்தில் தங்கல். மறுநாள் கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கடலைப் பார்த்து அழகாக நிற்கிறது. அரை மணி நேரம் போதும். கடலில் இறங்கிக் குளிக்க ஆசைப்பட்ட இருவரை ஐயா காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தார். காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் வேன் ஜன்னல் வழியாகவே கடந்தன.

அதற்குத் தெற்கேதான் நான் ஜன்னலை விட்டுக் கண் எடுக்கவில்லை. சாலையோரம் சதுரம் சதுரமாகக் கரை கட்டிய குட்டைகள். சிலவற்றில் காற்றுச் சக்கரம் சுழன்று நுரை தள்ளியது. பல குட்டைகள் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தன. டீக்கடையில் விசாரித்தோம். “நோவு வந்துச்சு, விட்டுட்டுப் போயிட்டாங்க. குட்டையை மூடினாலும் அதுல ஒண்ணும் வெளையல. பக்கத்துக் கொல்லையில கெணறும் கரிக்குது” என்றார் ஒரு பெரியவர். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரை நிறுத்தி வைத்த மண் அல்லவா? இந்த வட்டாரத்து நிலங்களுக்காகத்தான் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். விவசாய நிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு ஓர் ஆணையம் அமைத்து 2005-ல் தனிச் சட்டமும் வந்தது. பதிவு இல்லாமல் பண்ணை நடத்தக் கூடாது. மாப்பிள்ளையிடம் வந்தவர் பதிவு பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடியும் முன்பே வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை. 1967-ல் சரணாலயமான இடம் இது, 2002-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் அனுப்பும் ஆளோடுதான் உள்ளே போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் புலி வருமா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். புலி கிடையாது. புல்வெளியில் பனி விலகியபோது முப்பது நாற்பது வெளிமான்கள் நின்றன. கிடா முதுகு கறுத்து, முறுக்கிய கொம்போடு இருந்தது. பெண் மான்கள் மண் நிறம். வண்டிச் சத்தம் கேட்டதும் ஒன்று துள்ள, மந்தையே வரிசையாகத் துள்ளிப் போனது. யாரும் போன் எடுக்கக்கூட இல்லை. காட்டுக் குதிரைகளும் திரிகின்றன. எப்போதோ வளர்ப்புக் குதிரையாக இருந்து காட்டில் தங்கிவிட்டவை. மானின் புல்லில் பங்கு கேட்கின்றன என்று கூட வந்தவர் அலுத்துக்கொண்டார். சதுப்பில் பூநாரைகள் தூரத்தில் ரோஜா நிறக் கோடாகத் தெரிந்தன. பறவை பார்க்க வேண்டுமானால் ஐப்பசிக்குப் பிறகு போங்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. மூன்று பக்கமும் உப்பு சூழ்ந்த இந்த மணலில் பாலை மரங்கள் பச்சையாக நிற்கின்றன. மழைநீர் மணல்மேட்டில் இறங்கி, கனமான உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைக்கும். அந்த ஓரடியை மோட்டார் வைத்து உறிஞ்சினால் நாற்பதடியும் போச்சு. இதனால்தான் மணற்பாங்கான ஊர்களில் ஆழக் குழாய் இறக்காமல், ஆழமில்லாத குட்டை வெட்டிக் குடத்தில் மொண்டு பூச்செடிக்கு ஊற்றுகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்ததும் இந்தப் பக்கம்தான். தானே புயலில் முந்திரியைப் பறிகொடுத்த எங்களுக்கு, முறிந்து நின்ற தென்னைகளைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு உப்பளத்துக்குள் இறங்கினோம். பருவம் தொடங்கும் நேரம், பெண்கள் பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். “தண்ணி கீழ எறங்கக் கூடாது, வெளியவும் போகக் கூடாது. நின்னாத்தான் உப்பு” என்றார்.

அங்கிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, கையெழுத்தைத் தள்ளிப் போடச் சொன்னேன். “மச்சான், கடன் இருக்கே” என்றார். அது நியாயமான பேச்சு. அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. அவர் வயலுக்குக் கீழ்மடையில் ஒரு பெரியம்மாவின் முக்கால் ஏக்கர் இருக்கிறது. இவர் குட்டை போட்டால் முதலில் கரிப்பது அந்த நிலம்தான். அதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மண் பரிசோதனை முடிவு பத்து நாளில் வந்தது. இ.சி. 5.2, கார அமில நிலை 7.9. உவர்தான், களர் இல்லை. கடனில் ஒரு பகுதியை நானும் தம்பியும் ஏற்றுக்கொண்டோம். மாசிக் கடைசியில் அந்தப் பெரியம்மா வீட்டாரும் சேர்ந்து, தூர்ந்த வடிகாலை நூற்றி எண்பது அடி தூரத்துக்கு வெட்டி ஓடையில் சேர்த்துவிட்டார்கள். கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். சம்பாவுக்குப் பாதி நிலத்தில் திருச்சி-3, மீதியில் உவர் தாங்கும் பழைய ரகமான குழியடிச்சான் என்று பேச்சு. குழியடிச்சான் விதைநெல் இன்னும் கிடைக்கவில்லை. சிதம்பரம், சீர்காழி பக்கம் வைத்திருக்கும் வாசகர்கள் இருந்தால் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கார்டு போடுங்கள். இருபது கிலோ போதும்.